எபிலாம் பூச்சு: உப்புக்காற்றில் ஓடும் கடிகாரங்களுக்கு வாங்கலாமா?

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் எங்கள் கரையோரத்தில் சாவி கொடுக்கும் கைக்கடிகாரங்களும் ஆட்டோமேட்டிக் கடிகாரங்களும் இன்னும் வழக்கொழிந்துவிடவில்லை. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வளைகுடா நாடுகளுக்குப் போய் வந்தவர்கள் வாங்கி வந்த சீக்கோ 5 வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். ராமேசுவரத்திலும் பாம்பனிலும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் பலர் எச்.எம்.டி. ஜனதாவைக் கழற்றாமல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவற்றைப் பிரித்துப் பார்க்கும் பழுதுபார்ப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு: எண்ணெய் முழுவதும் வற்றியிருப்பதைவிட, இருக்கவேண்டிய இடத்தைவிட்டு ஓடிப்போயிருப்பதே அதிகம். சக்கர அச்சைத் தாங்கும் மாணிக்கக் கல்லின் குழியில் நிற்கவேண்டிய துளி, கற்கள் பதித்த உலோகத் தகடான பிரிட்ஜின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, நுண்மணலையும் தூசியையும் பிடித்துக்கொண்டு பழுப்பாக உறைந்திருக்கும்; அதே வேளையில் குழிக்குள் சுழலும் பிவட் (அச்சின் மெல்லிய முனை) உலர்ந்து, உலோகம் கல்லின் மேல் உராய்ந்து கறுத்துப்போயிருக்கும்.

இந்த நோய்க்கென்றே இருக்கும் மருந்து எபிலாம். கடிகாரப் பாகங்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகப் படியும் பூச்சு இது. மசகெண்ணெய்க்குப் பதிலாக வருவதன்று, எண்ணெயைப் போட்ட இடத்திலேயே நிறுத்திவைப்பது. சந்தையில் பெயர்பெற்றது மோபியஸ் நிறுவனத்தின் ஃபிக்ஸோட்ராப் 8941. என் மேசையில் தொடர்ந்து பயன்படுத்திவருவதும் அதுவே என்பதால், அதை முன்வைத்து, பழைய முறையான ஸ்டியரிக் அமிலப் பூச்சோடு ஒப்பிட்டு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆட்டோமேட்டிக் கடிகாரங்களும் வேகத் துடிப்புள்ள கடிகாரங்களும் அதிகமாக வரும் கடைக்கு இது கட்டாயம் தேவை, எச்.எம்.டி. மட்டுமே பார்ப்பவர் அவசரப்பட்டுப் புட்டி வாங்க வேண்டியதில்லை.

எண்ணெய் ஏன் ஓடுகிறது என்பது முதலில் விளங்க வேண்டும். நன்றாக மெருகேற்றிச் சுத்தமாகக் கழுவிய எஃகுக்கும் மாணிக்கக் கல்லுக்கும் மேற்பரப்பு ஆற்றல் அதிகம். அத்தகைய பரப்பில் விழும் எண்ணெய்த்துளி, தன்னைக் குவித்துப் பிடித்துவைக்கும் பரப்பு இழுவிசையைப் பரப்பின் ஈர்ப்பு வென்றுவிடுவதால், தட்டையாகிப் பரவத் தொடங்குகிறது. ஆகவே பாகத்தை எவ்வளவு நன்றாகக் கழுவுகிறோமோ அவ்வளவு எளிதாக எண்ணெய் பரவும். அரைகுறையாகக் கழுவிய பழைய கடிகாரத்தில் எண்ணெய் நின்றதும், புதிய கழுவும் இயந்திரம் வாங்கிப் பளபளவெனக் கழுவிய பிறகு நிற்காமல் போனதும் சில கடைக்காரர்களுக்குப் புதிராகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. எபிலாம் பூசிய பரப்பின் ஆற்றல் எண்ணெயின் பரப்பு இழுவிசையைவிடக் குறைந்துபோகிறது. அதன் பிறகு எண்ணெய்த்துளி தாமரை இலைத் தண்ணீரைப் போலக் குவிந்து நிற்கும்.

இதன் அருமை தெரியும் இடம் எஸ்கேப்மென்ட், அதாவது வில்லின் விசையைத் துடிப்புத் துடிப்பாக விடும் பகுதி. அதில் எஸ்கேப் வீல் என்ற பற்சக்கரம், பேலட் என்ற நெம்பில் பதித்த இரு கற்களை மாறி மாறித் தள்ளுகிறது. எச்.எம்.டி. ஜனதாவின் துடிப்பு மணிக்கு 18,000. அதாவது ஒரு நாளில் 4,32,000 முறை எஸ்கேப் வீலின் பல் பேலட் கல்லில் மோதி, அதன் சரிவில் வழுக்கி, விலகுகிறது. சீக்கோவின் 7எஸ்26 இயந்திரம் மணிக்கு 21,600 முறையும், இன்றைய சுவிஸ் ஆட்டோமேட்டிக் பலவும் 28,800 முறையும் துடிப்பவை. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு நாள் கணக்கு 6,91,200. கடிகாரத்தின் பிவட்கள் எல்லாம் கல்லின் குழிக்குள் சுழல்வதால், நுண்புழைக் கவர்ச்சி அங்கே எண்ணெயை ஓரளவு பிடித்துவைக்கும். பேலட் கல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது திறந்த சமதளம். அதன் மேல் ஊசிமுனை அளவு எண்ணெய் வைக்கிறோம். நொடிக்கு ஐந்து முதல் எட்டு முறை ஒரு பல் வந்து அதை வழித்துத் தள்ளுகிறது. பூச்சில்லாத கல்லில் அந்த எண்ணெய் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் ஏறிப்போய்விடும். அங்கே எண்ணெய் வற்றினால், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலின் வீச்சு (ஆட்டத்தின் அளவு) குறையும்; வீச்சு குறைந்தால் நேரம் தவறும்.

எங்கள் ஊரின் வெயில் இந்த ஓட்டத்துக்குத் துணைபோகிறது. வெப்பம் ஏற ஏற எண்ணெயின் கெட்டித்தன்மை குறைந்து இளகும் என்பது சமையலறை வரைக்கும் தெரிந்த செய்திதான். சித்திரை வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் கழற்றிவைத்த கடிகாரமோ, நடுப்பகலில் படகின் அணியத்தில் கிடக்கும் கடிகாரமோ எட்டும் சூட்டில், பேலன்ஸுக்குப் போடும் 9010 போன்ற மெல்லிய எண்ணெய் அசைவதற்கு வேறு தூண்டுதல் வேண்டியதில்லை. கனமான பகுதிகளுக்குப் போடும் எச்பி1300 போன்ற கெட்டி எண்ணெய் அந்த அளவுக்கு ஓடாது. பேலட் கற்களுக்கென உள்ள 9415 என்ற மசகு அடங்கியிருக்கும்போது கிரீஸாகவும், பல் மோதும் கணத்தில் எண்ணெயாகவும் நடந்துகொள்ளும்படி செய்யப்பட்டது. அது மற்ற எண்ணெய்களைவிட நன்றாகவே நிற்கும். ஆனாலும் 9415 இருக்கிறதே, பூச்சு எதற்கு என்று சிலர் கேட்பதை நான் ஏற்பதில்லை. பூசாத கல்லிலிருந்து கிரீஸின் எண்ணெய்ப் பகுதி மெல்லப் பிரிந்து நகர்வதை லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) வழியாகப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

பழைய நாளில் என்ன செய்தார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு போன்ற துறைமுகங்களில் கடற்பன்றி, ஓங்கில் (டால்பின்) இன விலங்குகளின் தாடையிலிருந்து எடுத்த எண்ணெயே உயர்ந்த கடிகார எண்ணெயாக விற்கப்பட்டது. மன்னார் வளைகுடாவில் ஓங்கில் துள்ளுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் செய்தி ஒருபோதும் இனித்ததில்லை. அவ்விலங்கு எண்ணெய்களில் இயல்பாகவே இருந்த கொழுப்பு அமிலங்கள் உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு பரவலை ஓரளவு தடுத்தன. 1920களில் பிரான்சின் பால் வூக் இதை முறையாக ஆராய்ந்து, ஸ்டியரிக் அமிலத்தின் மிக மெல்லிய படலம் எண்ணெயை நிறுத்தும் என்று காட்டியதிலிருந்து எபிலாம் தொழிற்சாலைகளுக்குள் வந்தது. இன்றைய புட்டிகளில் இருப்பது ஃப்ளோரின் சார்ந்த பாலிமர், எளிதில் ஆவியாகும் கரைப்பானில் கரைக்கப்பட்டது.

இனிப் பயன்பாடு. புட்டியைத் திறப்பதற்கு முன் கழுவும் முறையைச் சரிசெய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் இன்னும் பல கடைகளில் பெட்ரோலில் முக்கிப் பிரஷால் தேய்த்து ஊதி உலர்த்துவதே சர்வீஸ். பெட்ரோல் உலர்ந்தபின் விட்டுப்போகும் மெல்லிய எண்ணெய்ப் பசையின் மேல் எபிலாம் ஒட்டாது. அதன் மேல் பூசுவது காசைக் கடலில் கரைப்பதற்குச் சமம். முறையான கழுவுநீர்மத்தில் கழுவி, இருமுறை அலசி, சூடான காற்றில் உலர்த்திய பாகத்துக்குத்தான் இந்தப் பூச்சு. இதற்கு மறுபக்கமும் உண்டு: ஒருமுறை பூசிய பூச்சு அடுத்த சர்வீஸில் கழுவும்போது தேய்ந்துபோகிறது. எனவே ஒவ்வொரு சர்வீஸிலும் புதிதாகப் பூச வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

பூசும் வேலை பார்ப்பதற்கு மிக எளிது. சிறு கம்பிவலைக் கூடையில் எஸ்கேப் வீலையும் பேலட்டையும் கேப் ஜூவல்களையும் (பிவட்டின் நுனியை மூடும் தட்டைக் கற்கள்) வைத்து, நீர்மத்தில் சிறிது நேரம் முக்கி எடுத்து, வடியவிட்டு, மிதமான சூட்டில் உலர்த்த வேண்டும். கைப்பக்குவம் தேவைப்படுவது உலர்த்துவதில்தான். இந்தக் கரைப்பான் மிக விரைவாக ஆவியாகும். ஆவியாகும்போது பாகத்தின் சூட்டையும் உறிஞ்சிக்கொண்டு போகும். ஐப்பசி கார்த்திகையில், கொண்டல் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் நாளில், கூடையை எடுத்து அப்படியே மேசையில் வைத்தால், குளிர்ந்த எஃகின் மேல் காற்றின் ஈரம் பனித்திவலையாகப் படிவதைக் கண்ணால் பார்க்கலாம். பூச்சின் மேல் மங்கலான திட்டுகள் விழுவதற்கும், பிற்பாடு பல்லின் விளிம்பில் துருப்புள்ளி தோன்றுவதற்கும் அந்த ஈரமே வழிசெய்கிறது. ஆகவே எங்கள் கரையில் வேலை செய்பவர் கூடையை வெளியே தூக்கும் முன்பே வெப்பக்காற்று ஊதுகருவியை ஓடவிட்டுத் தயாராக வைத்திருக்க வேண்டும். குளிர்ப்பதன அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெருநகரக் கடைக்காரருக்கு இந்தத் தொல்லை தெரிய வாய்ப்பில்லை.

பூச்சு பிடித்ததா என்று எப்படி அறிவது? நிறம் இல்லை, மினுமினுப்பில் மாற்றம் இல்லை, வாசனையும் நிற்பதில்லை. நான் செய்வது இதுதான்: ஒவ்வொரு கூடையிலும் பழைய, பயனற்ற கேப் ஜூவல் ஒன்றையும் சேர்த்துப் பூசுகிறேன், உலர்ந்ததும் அதன் தட்டைப் பக்கத்தில் 9010 எண்ணெயை ஒரு துளி வைத்து, பக்கத்திலேயே பூசாத கல்லொன்றிலும் அதே அளவு துளி வைத்து, தூசி விழாமல் கண்ணாடிக் கிண்ணத்தால் மூடிவிடுகிறேன். பூசாத கல்லில் துளியின் விளிம்பு மறுநாள் காலைக்குள் மெலிந்து, எண்ணெய் எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி ஆகிவிடும். சில வேளை வெளிச்சத்தில் வானவில் நிறக் கோடுகூடத் தெரியும். பூசிய கல்லில் துளி அப்படியே அரைக்கோளமாக, செங்குத்தான விளிம்போடு நிற்கும். கல்லைச் சற்றுச் சாய்த்தால் துளி தன் வடிவம் குலையாமல் முழுதாக நகரப் பார்க்கும். எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய இந்தச் சோதனையில் 8941 எனக்கு ஒரே சீரான பலனைத் தந்துவருகிறது. புட்டி பழசாகி நீர்மத்தின் வலு குறைந்தால் அதையும் இந்தத் துளியே காட்டிக்கொடுத்துவிடும்.

பேலட் கற்களில் மட்டும் இன்னொரு படி உண்டு. துளி குவிந்து நிற்பது நல்லதுதான். ஆனால் பல் வழுக்கும் சரிவிலேயே எண்ணெய் ஒட்டாமல் உருண்டால் பயனென்ன? இதற்குத் தொழிலில் நெடுநாளாக இருக்கும் வழக்கம், பூசிய பேலட்டை மாட்டிக் கடிகாரத்தை எண்ணெயிடாமல் சில நிமிடங்கள் ஓடவிடுவது. அந்த ஓட்டத்தில் பல் படும் தடத்தில் மட்டும் பூச்சு தேய்ந்துபோகிறது. இரு பக்கமும் அப்படியே இருக்கிறது. அதன் பிறகு எண்ணெயிட்டால், அது தேய்ந்த தடத்தில் ஒட்டிக்கொண்டு, இருபுறமும் உள்ள பூச்சை வரப்பாகக் கொண்டு தங்கிவிடுகிறது. உலர் ஓட்டத்தில் கல் தேயாதா என்று அஞ்சுபவர்களுக்குச் சொல்வேன்: சில நிமிடங்களில் மாணிக்கக் கல்லுக்கு ஒன்றும் ஆகாது; அந்த நிமிடங்களை மணிக்கணக்காக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவதுதான் ஆபத்து.

எல்லாப் பாகத்தையும் கூடையில் கொட்டிப் பூசிவிடலாம் என்ற ஆசை வரும். அதை அடக்க வேண்டும். பேலட்டின் பிவட்கள் பொதுவாக எண்ணெயில்லாமலே ஓடுபவை. பேலன்ஸோடு இணைந்த மெல்லிய சுருள்வில்லான ஹேர் ஸ்பிரிங்கின் அருகே எந்த நீர்மமும் தேவையில்லாமல் போகக்கூடாது. சுவிஸ் இயந்திரம் செய்யும் ஈட்டா நிறுவனம் தன் தொழில்நுட்பத் தாள்களில் எந்தெந்தப் பாகத்துக்கு எபிலாம் வேண்டும் என்று குறியிட்டே காட்டுகிறது. அந்தத் தாள் கையில் இருந்தால் அதை மீறாமல் செய்வது நல்லது. தாள் இல்லாத பழைய கடிகாரங்களுக்கு நான் எஸ்கேப் வீல், பேலட் கற்கள், பேலன்ஸின் இருபுறமும் உள்ள கேப் ஜூவல்கள் என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். எச்.எம்.டி.யின் டயலில் பாராஷாக் என்று அச்சிட்டிருப்பார்களே, அந்த அதிர்வுதாங்கிக்குள் வில்லால் பிடித்துவைக்கப்பட்டிருப்பதும், சீக்கோவின் டயாஷாக்குக்குள் இருப்பதும் இதே கேப் ஜூவல்தான். சீக்கோ 7எஸ்26இல் எஸ்கேப் வீலுக்கும் மூன்றாம் சக்கரத்துக்கும் டயாஃபிக்ஸ் என்ற மூடுகற்கள் தனியாக உண்டு. அவற்றையும் விடாமல் பூசுவது பலன் தரும்.

பலன் என்றதும் கடிகார ஓட்டத்தை அளக்கும் கருவியான டைம்கிராஃபரில் வீச்சின் எண் ஏறும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். பூசிய அன்று வீச்சு கூடுவதில்லை. பூசாமல் ஒழுங்காக எண்ணெயிட்ட கடிகாரமும் அன்றைக்கு அதே அளவு வீசும். வேறுபாடு தெரிவது நாள்பட்டு அதே கடிகாரம் திரும்பி வரும்போதுதான். ரப்பர் வளையம் மாற்றவோ கண்ணாடி மாற்றவோ திரும்பி வந்த கடிகாரங்களைத் திறந்து பார்த்தபோது, பூசியவற்றில் பேலட் கல்லின் தடத்தில் எண்ணெய் தெளிவாக, ஈரமாக இருந்தது. கேப் ஜூவலின் நடுவில் வட்டம் கலையாமல் நின்றது. சாவி முழுக்கக் கொடுத்து டயல் மேலாகவும் கீழாகவும் வைத்துப் பார்த்தால் வீச்சு பெரிதாக இறங்கியிருக்கவில்லை. பூச்சு வாங்குவதற்கு முன் நான் செய்த வேலைகளில் அந்தக் காலத்துக்குள் எண்ணெய் கல்லின் முதுகில் ஏறியிருந்ததைப் பலமுறை கண்டிருப்பதால், பணம் எதற்குப் போனது என்பதில் எனக்கு ஐயமில்லை.

வாடிக்கையாளருக்கு இதை விளக்குவது வேறு பாடு. கீழக்கரையிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், "வாப்பா போட்டிருந்த வாட்ச்சுண்ணே, எண்ணெய் போட்டா ஓடப்போகுது, அதுக்கு மேல பூச்சுக்குத் தனியாக் காசு எதுக்கு?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. கருப்பு நிறமோ தங்க நிறமோ கேஸின் மேல் ஏற்றும் பூச்சைத்தான் வாடிக்கையாளர்கள் அறிவார்கள். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்குக் காசு கேட்டால் சந்தேகம் வரத்தான் செய்யும். மூடிவைத்திருந்த இரண்டு சோதனைக் கற்களையும் லூப்பில் அவரைப் பார்க்கச் சொன்னேன். "இது எது, பூசினதா?" என்று அவராகவே சரியான கல்லைச் சுட்டிய பிறகு நான் பேச வேண்டிய தேவை இருக்கவில்லை. கடைக்காரர்கள் இந்தக் கூலியைத் தனி வரியாக எழுதாமல் முழுச் சர்வீஸில் சேர்த்துவிடுவதே பேரத்தைக் குறைக்கும் என்பது என் கருத்து.

இனி ஸ்டியரிக் அமிலம். மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்பவர்களுக்கு விற்கும் கடைகளில் வெள்ளைச் செதிலாகக் கிடைக்கும். ஃபிக்ஸோட்ராப் விலையோடு பார்த்தால் இலவசம் என்றே சொல்லலாம். ஏறக்குறைய 69 டிகிரியில் உருகும். அடியில் சிறிது அமிலத்தைச் சூடாக்கி, மேலே வலையில் பாகங்களை வைத்து மூடினால் ஆவி படிந்து பூச்சாகிறது. எஸ்கேப் வீலில் இது நன்றாகவே வேலை செய்கிறது. துளிச் சோதனையில் துளி நிற்கிறது, அரைக்கோளமாக இல்லாவிட்டாலும் பரவாமல் நிற்கிறது. அளவு மிஞ்சினால் வெண்மையாகப் பூத்துவிடும் என்பதால் கை அடக்கம் வேண்டும்.

ஆனால் பேலட்டை அந்த ஆவியில் வைப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பேலட் கற்கள் அரக்கால் ஒட்டப்பட்டவை. அரக்கு இளகத் தொடங்கும் வெப்பமும் ஸ்டியரிக் அமிலம் உருகும் வெப்பமும் அடுத்தடுத்து இருப்பவை. சற்றே சூடு கூடினால் கல் முடியளவு நகர்ந்துவிடும், அந்த முடியளவு எஸ்கேப்மென்டின் கணக்கையே குலைத்துவிடும். சூட்டைத் தவிர்க்க எரிசாராயத்தில் அமிலத்தைக் கரைத்து முக்கலாம் என்று யோசிப்பவர்களும் உண்டு. சாராயம் அரக்கைக் கரைக்கும் என்பதை அவர்கள் நினைக்க வேண்டும். டொலுயீன் போன்ற கரைப்பான் அரக்கைத் தொடாது, ஆனால் அதன் ஆவி மனிதருக்கு ஆகாது. இன்னொரு குறையும் கடற்கரையில் பெரிதாகத் தெரிகிறது: கொழுப்பு அமிலம் ஈரத்தின் துணையோடு பித்தளையைத் தாக்கிப் பச்சை படியச் செய்யும். எஃகிலான எஸ்கேப் வீலுக்கு அது கவலையன்று. பித்தளைச் சக்கரங்களையும் தட்டுகளையும் அதன் ஆவியருகே கொண்டுபோகக்கூடாது. கல்லூரி மாணவரும் பொழுதுபோக்காகக் கடிகாரம் பிரிப்பவரும் ஜனதாவின் எஸ்கேப் வீலுக்கு மட்டும் இதைச் செய்து பழகலாம். தொழிலாகச் செய்பவருக்கு ஃபிக்ஸோட்ராப்தான் சரி. இங்கே விலை வேறுபாடு பயமில்லாத வேலைக்குத் தரும் கூலி.

ஆட்டோமேட்டிக் கடிகாரத்தின் ரிவர்சர் சக்கரங்களுக்கு இந்தப் புட்டி உதவாது என்பதையும் தெரிந்து வாங்க வேண்டும். ஈட்டா 2824 போன்றவற்றில், கை அசைவில் சுழன்று சாவி கொடுக்கும் எடையான ரோட்டாரின் இருதிசைச் சுழற்சியை ஒருதிசைக்கு மாற்றும் அந்தச் சக்கரங்களுக்குள் எண்ணெய்க்குச்சி நுழையாது. அவற்றுக்கென்று லுபேட்டா வி105 என்ற வேறு நீர்மம் உண்டு. அது எண்ணெயையே கரைப்பானில் கரைத்தது, முக்கி உலர்த்தினால் எல்லாப் பரப்பிலும் மெல்லிய மசகுப்படலம் தங்கிவிடும். எபிலாம் எண்ணெயைத் தள்ளுவது, லுபேட்டா எண்ணெயைப் பூசுவது. இரண்டின் வேலையும் எதிரெதிரானது என்பதால், கூடையை மாற்றிப் போட்டால் விளைவும் தலைகீழாகும்.

எண்ணெயே வேண்டாம் என்ற திசையில் பெரிய நிறுவனங்கள் எப்போதோ கிளம்பிவிட்டன. யுலிஸ் நார்டின் 2001-இல் ஃப்ரீக் கடிகாரத்தில் சிலிக்கான் எஸ்கேப் வீலைக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் சின் நிறுவனம் அதே ஆண்டில் எஸ்கேப்மென்டுக்கு எண்ணெய் தேவைப்படாத டயாபால் தொழில்நுட்பத்தை அறிமுகம் செய்தது. ஜேஜர் லெகூல்த்ர் 2007-இல் மசகெண்ணெயே இல்லாத ஒரு கடிகாரத்தைக் காட்டியது. படித்துக் களிக்கலாம், ராமநாதபுரம் சாலைத்தெருவில் அவை பழுதுக்கு வரப்போவதில்லை. அவற்றுள் எனக்குப் பிடித்தது கிராண்ட் சீக்கோ 2009-இல் தன் வேகத் துடிப்பு இயந்திரத்தில் செய்தது: எஸ்கேப் வீலின் பல்நுனியிலேயே எண்ணெய் தங்குவதற்கு நுண்ணிய படியை வெட்டிவைத்தது. பூச்சால் செய்வதை வடிவத்தால் செய்திருக்கிறார்கள்.

கடலோர வாடிக்கையாளர்களிடம் ஒரு தவறான நம்பிக்கையைத் தொடக்கத்திலேயே களைய வேண்டும். எபிலாம் துருவைத் தடுக்கும் கவசமன்று. உப்பீரத்தைத் தடுக்கும் பூச்சு என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாம்பனின் புதிய ரயில் பாலத்துக்கு அடித்த பாலிசிலோக்சேன் வண்ணப்பூச்சுதான் நினைவுக்கு வருகிறது. அது கெட்டியான காப்பு, இதுவோ மூலக்கூறுகளின் கணக்கில் அளக்கக்கூடிய படலம். கிரவுனின் (சாவி கொடுக்கும் திருகின்) ரப்பர் வளையம் வெடித்திருந்தால், பின்மூடி சரியாக உட்காராவிட்டால், உள்ளே எத்தனை உயர்ந்த பூச்சு இருந்தாலும் ஒரு கச்சான் பருவத்தில் கிரவுனின் தண்டான ஸ்டெம்மும் திருகாணிகளும் சிவந்துவிடும். எனவே குறைந்த பணத்தோடு வருபவரிடம் நான் முதலில் வளையங்களை மாற்றச் சொல்கிறேன், மிச்சமிருந்தால்தான் எபிலாம்.

விலைக்கு வருவோம். 100 மில்லிப் புட்டி இறக்குமதிச் செலவெல்லாம் சேர்ந்து பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. கேட்டவுடன் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு கடிகாரம் எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம், கூடையிலிருந்து வடிந்ததைத் திரும்பப் பயன்படுத்தலாம். உண்மையில் புட்டியைக் காலி செய்வது கடிகாரமன்று, காற்று. இத்தகைய கரைப்பான்கள் கொதிக்கும் வெப்பம் தண்ணீருடையதைவிட வெகுவாகக் குறைவு; மதியம் பூட்டிய கடைக்குள் ஏறும் சூட்டில், மூடி சற்றுத் தளர்ந்திருந்தால் மாதக் கணக்கில் வரவேண்டியது வாரக் கணக்கில் போய்விடும். கரைப்பான் போய்ப் பாலிமர் மட்டும் மிஞ்சினால் நீர்மம் அடர்ந்து, பூச்சு தடித்து, திட்டுத்திட்டாகப் படியும். நான் வாங்கிய கடைகளில் ஒன்று அனுப்பிய புட்டி கால்வாசி குறைந்து வந்து சேர்ந்தது. மே மாதத்தில் வெயிலில் நின்ற லாரியில் வந்ததற்கு உற்பத்தியாளர் என்ன செய்வார்? தை மாதத்தில் வரவழைத்துக்கொள்வதும், வந்ததும் எடைபார்ப்பதும் நல்ல பழக்கம். வேலைக்கு வேண்டியதைச் சிறு கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக்கொண்டு, தாய்ப்புட்டியை இறுக்கி மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைப்பது அவசியம். சாப்பாட்டுப் பொருள் இருக்கும் குளிர்ப்பெட்டியில் வைக்கக்கூடாது.

இந்த நீர்மம் எளிதில் தீப்பற்றாது என்பதால் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். தீப்பற்றாவிட்டாலும், ஸ்பிரிட் விளக்கின் தழலிலோ சிவக்கக் காய்ந்த கம்பியிலோ அதன் ஆவி பட்டால் சிதைந்து நச்சு வாயுவாகும். ஸ்டியரிக் முறைக்கு வைத்திருக்கும் அடுப்பும் இந்தப் புட்டியும் ஒரே மேசையில் இருக்கக்கூடாது. சன்னலைத் திறந்துவைக்க வேண்டும், புகைபிடிப்பவர் வெளியே போய்விட வேண்டும். ஃப்ளோரின் சேர்ந்த இவ்வகைப் பொருள்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை என்ற கவலையால் உலகெங்கும் கட்டுப்பாடுகள் இறுகிவருகின்றன. இத்தகைய கரைப்பான்களைப் பெருமளவில் செய்துவந்த 3எம் நிறுவனம் 2025 இறுதிக்குள் அந்த உற்பத்தியிலிருந்து விலகுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. எபிலாம் தயாரிப்பாளர்களும் கரைப்பானை மாற்றவேண்டிய நிலை வருவதால், புதிதாக வாங்குபவர் லேபிளைப் படித்து, உலர்த்தும் முறை மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கழிவைச் சாக்கடையில் ஊற்றுவது எங்கும் தவறு. சாக்கடை நேராகக் கடலில் கலக்கும் எங்கள் ஊர்களில், 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட வளைகுடாவின் ஓரத்தில், அதைச் செய்யவே கூடாது. வலுவிழந்த நீர்மத்தை மூடிய புட்டியில் சேர்த்துவைத்து, வேதிக்கழிவு எடுத்துக்கொள்பவரிடம் கொடுத்துவிடலாம்.

மாதத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவே இயந்திரக் கடிகாரம் வரும் கடைகள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு புட்டி வாங்கிப் பகிர்ந்துகொள்வதே ஏற்ற வழி. பகிரும்போது பிளாஸ்டிக் புட்டிகளைத் தவிர்த்து, உள்மூடி உள்ள கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, ஊற்றிய தேதியையும் எடையையும் மேலே எழுதி ஒட்டிவிட வேண்டும். பழைய கேப் ஜூவல் ஒன்றையும் கூடவே கொடுத்துவிட்டால், வாங்கிப்போனவர் துளியை வைத்துத் தானே பார்த்துக்கொள்வார்.